பீப்பாவின் பசி

பீப்பா என்று பேர் வாங்கியவன் இப்படி விளக்குமாற்றுக் குச்சியாய்க் கட்டிலில் கிடப்பான் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், அவன் அக்கா அந்த ஆளின் வாயில் ஒரு கை மாவை அப்பி அனுப்பியிருப்பாள்.

பேக்கரியில் அவன் குனிந்து நின்றால் மாவுத் தொட்டி தெரியாது, முதுகுதான் தெரியும். அவன் பிசைவான். அக்கா உருட்டித் தட்டில் அடுக்கி அடுப்புக்குள் தள்ளுவாள். வெந்து வருவதில் முதல் ரொட்டி அவனுக்கு. சூடு பொறுக்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்து, ஊதி ஊதி, நின்றபடியே முழு ரொட்டியையும் தின்றுவிட்டுத்தான் அடுத்த வேலையில் கை வைப்பான். "விக்கறதுக்கும் மிச்சம் வைடா" என்று அக்கா திட்டுவாள். திட்டிக்கொண்டே இன்னொன்றை அவன் பக்கம் தள்ளிவிடுவாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "எனக்கு ஒரு அடுப்பு போதும்" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள்.

தம்பிக்கு மட்டும் தேடித் தேடிப் பெண் எடுத்தாள். வந்தவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகளுக்கான துணியை மொத்தமாக வாங்கி வந்து வீட்டிலேயே தைப்பாள். வாயைத் திறந்தால் எண்ணி நாலு வார்த்தை. எந்தத் துணியானாலும் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பாள். அளப்பதும் வெட்டுவதுமாக இருப்பவளுக்குக் கை தாராளமாக வராது என்பது அக்காவின் கணிப்பு. வெளியில் சொன்னதில்லை. ஆனால் அவள் தம்பிக்குப் பரிமாறும்போது அக்காவின் கண் கரண்டியிலேயே இருக்கும்.

அவனுக்கு எப்போது தொண்டை அடைக்க ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. நெஞ்செரிச்சல் அவனுக்குப் பழைய சங்கதி. சோடாவைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பான். அப்புறம் ஒரு நாள் ரொட்டி இறங்கவில்லை. பிறகு குழைத்த சாப்பாடும் இறங்கவில்லை. விழுங்கியது நெஞ்சுக்குள் கல் மாதிரி நின்றுவிடும். பின்வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தால்தான் போன உயிர் திரும்பும். புற்றாகத்தான் இருக்கும் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டில் கேட்டால், "பேக்கரியிலயே சாப்ட்டுட்டேன்" என்பான். பேக்கரியில் கேட்டால், "இப்பத்தான் வீட்ல ஒரு பிடி பிடிச்சேன்" என்பான். தட்டில் விழுந்ததைத் தெருவில் போட்டான். தெரு நாய்கள் கொழுத்தன, பீப்பா வற்றினான்.

"அவ ஒழுங்கா போடறதில்ல" என்று அக்கா நினைத்தாள். "அடுப்படியில நிக்க வச்சு அவர உருக்கறாங்க" என்று தையல்காரி நினைத்தாள். இப்படி ஒருத்தி மேல் ஒருத்தி பாரத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், ஒரு காலையில் அவன் மாவுத் தொட்டிக்குள்ளேயே தலைகுப்புற விழுந்தான். அக்கா அவனை வாரி எடுத்தாள். துணைக்கு ஆள் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் அவன் எவ்வளவு வற்றிப் போயிருந்தான் என்று அவளுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்று இல்லை. "அமிலம் ஏறி ஏறி உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கிப் போயிருக்கு" என்றார் பெரிய டாக்டர். பலூன் மாதிரி ஒன்றை உள்ளே விட்டுச் சுருங்கிய இடத்தை விரித்தும் விட்டார்கள். இனிமேல் தண்ணீராக எதையும் விழுங்கலாம். அக்கா வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுது தீர்த்தாள். அடைப்பு போய்விட்டது. இனி பசியைத் தீர்த்துவிட்டால் தம்பி எழுந்துவிடுவான். பசியைத் தீர்ப்பதுதானே அவள் தொழில்?

டயட் மேடம் என்று வார்டில் எல்லோரும் கூப்பிட்ட இளம்பெண் மறுநாள் ஒரு டப்பாவோடு வந்தாள். டப்பாவில் வெளிர்மஞ்சளாகச் சத்துப் பொடி. உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் கரண்டி. பொடியை அள்ளி, தலைதட்டி, வெந்நீரில் கட்டியில்லாமல் கலக்கி, மருந்து குடிக்கிற குட்டிக் கப்பில் ஊற்றினாள்.

"இப்போதைக்கு இதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, இந்தக் கப்புல ஒண்ணு. கூட ஒரு சொட்டு போகக் கூடாது."

அக்கா கப்பைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். "இது பல்லிடுக்குக்குக்கூடப் பத்தாதே மேடம்?"

"பத்தாதுதான். தெரிஞ்சேதான் குடுக்கறோம்." டயட் மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "மாசக்கணக்கா பட்டினி கெடந்த உடம்பும்மா இது. இருந்த கொழுப்பு, சதை எல்லாத்தையும் எரிச்சு எரிச்சு ஓட்டிட்டு இருக்கு. திடீர்னு நெறைய சத்து உள்ள போச்சுன்னா ரத்தத்துல இருக்கற உப்புச் சத்தெல்லாம் மடமடன்னு எறங்கிடும். மூச்சு திணறும், இதயம் தாளம் தப்பும். அதனால தினம் ரத்தம் பாத்துப் பாத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்."

"சாப்பாடு ஆளக் கொல்லுமா?"

"இந்த மாதிரி உடம்ப, கொல்லும்மா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வெறும் வயிற்றோடு வந்து என் கடை வாசலில் ரொட்டி தின்றவன் எவனும் செத்து விழுந்ததில்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. பக்கத்தில் தையல்காரி ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அளவு என்று சொல்லிவிட்டால் இவளுக்குக் கொண்டாட்டம்தான் என்று நினைத்துக்கொண்டு அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

வினை எங்கே வந்தது என்றால், பீப்பாவுக்குப் பசி திரும்பிவிட்டது. அடைத்துக் கிடந்த குழாய் திறந்ததும், இத்தனை மாசமும் உள்ளே முடங்கிக் கிடந்த பசியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எழுந்துகொண்டது. கப்பை ஒரே மடக்கில் காலி செய்துவிட்டு உள்ளே விரலை விட்டு வழித்து நக்குவான்.

"இன்னும் கொஞ்சம்."

"ரெண்டு மணி நேரம் ஆகட்டுங்க" என்பாள் தையல்காரி.

"தொண்டகூட நனையல."

"ஆகட்டுங்க."

கப்பை வாங்கிக்கொண்டு கழுவப் போவாள். போனால் லேசில் வரமாட்டாள். ஒரு குட்டிக் கப்பைக் கழுவ இவ்வளவு நேரமா என்று அக்கா கறுவுவாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர், காலில் மாவுக்கட்டோடு மல்லாந்திருந்தார். வேடிக்கை பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. "ஏம்மா, பஸ்ல சின்னப் பையனுக்குக்கூட அரை டிக்கெட் குடுப்போம். இவருக்கு நீங்க குடுக்கறது கால் டிக்கெட்கூட இல்லையே!" என்றார். வார்டே சிரித்தது. தையல்காரி சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை, அவளுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

வெளியே விடாத மழை. ஜன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்ததால் பினாயில் நெடியும் ஈரக் குடைகளின் வாடையும் வார்டை விட்டுப் போகவில்லை. அக்கா தையல்காரியை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, உனக்கு மனசா கல்லா?"

"டாக்டருங்க சொன்னதத்தான் அண்ணி செய்யறேன்."

"டாக்டருக்கு அவன் பத்தோட பதினொண்ணு. நமக்கும் அப்படியா?"

"நமக்கு அவர் ஒருத்தர்தான். அதனாலதான் சொன்னபடி செய்யறேன்."

"எங்கம்மா இருந்திருந்தா இப்படி சொட்டு சொட்டா ஊத்திட்டு வேடிக்கை பாத்திட்டு நிப்பாளா? கெஞ்சறான்டி அவன். என் தம்பி ஒரு வாய்க்குக் கெஞ்சறான்!"

தையல்காரியின் தாடை இறுகியது. "என்னை என்ன வேணா சொல்லுங்க அண்ணி. அந்த டப்பாவ மட்டும் தொடாதீங்க."

டப்பாவைத் தொடாதே. யாரைப் பார்த்து யார் சொல்கிறார்கள்? அக்காவுக்கு உச்சந்தலைவரை ஏறியது. சரி, தொடவில்லை. எதிர்த்த மருந்துக்கடைக்குக் குடையில்லாமலே நடந்து போய், அதே பொடியில் வேறொரு டப்பா வாங்கி வந்தாள்.

மத்தியானம் தையல்காரி குளித்துவிட்டு வரவும் தைத்ததைக் கொடுத்துவிட்டு வரவும் வீட்டுக்குப் போவாள். அந்த நேரத்துக்கு அக்கா காவல். பேக்கரியில் பாலைச் சுண்டக் காய்ச்சி, பொடியைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டு, சர்க்கரையைக் கொட்டி, பிளாஸ்க் நிறைய எடுத்து வந்தாள். மாவுக்கு உப்புப் போடும்போதுகூட அவள் கரண்டி பிடித்ததில்லை. கை சொல்லும், கேட்பாள்.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு ஊற்றிக் கொடுத்தாள். பீப்பா முதல் வாயை விழுங்கினான். கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் இறங்கியது.

"மெதுவாடா. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க."

"அவகிட்ட சொல்லிடாதக்கா."

"நான் ஏன் சொல்றேன்?"

திரையின் இடுக்கு வழியே கண்டக்டரின் கண் தெரிந்தது. அக்கா திரும்பிப் பார்த்ததும் அவர் மெல்லத் தலையைத் திருப்பிக் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் பீப்பா எழுந்து உட்கார்ந்தான். கன்னத்தில் ஒரு மினுமினுப்பு. கண்டக்டரோடு வம்பளந்தான். பாதம் இரண்டும் புஸ்ஸென்று உருண்டிருந்தன. அக்கா கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். குழி விழுந்து மெல்ல மெல்ல மேலே வந்தது. பொங்கி வந்த மாவை அப்படித்தான் அமுக்கிப் பார்ப்பாள். "பதம் வந்துடுச்சுடா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். தையல்காரி அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் சிரிக்காதது அக்காவுக்கு இன்னும் இனித்தது.

டயட் மேடம் எடை பார்க்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஏற்றி நிறுத்திப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இவ்வளவு வேகமா ஏறக் கூடாதே. இது சதை இல்ல, நீர் கோத்துக்கிட்டிருக்கு. ரத்தத்துல பாஸ்பேட்ங்கற உப்பு வேற நல்லா எறங்கியிருக்கு. நாம குடுக்கற அளவுக்கு இப்படி ஆக வேண்டியதே இல்ல." அவள் தையல்காரியைப் பார்த்தாள். "வேற ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

"இல்ல மேடம். ஒரு சொட்டு இல்ல."

டயட் மேடம் அக்கா பக்கம் திரும்பினாள். "நீங்க?"

"நான் எங்க... எனக்குப் பேக்கரி வேலைக்கே நேரம் சரியா இருக்கு" என்றாள் அக்கா. சொன்னபோது பார்வை தானாகக் கட்டிலுக்கடியில் போனது. அங்கே அவள் பைக்குள் பிளாஸ்க் இருந்தது. பீப்பா போர்வையை மார்புவரை இழுத்து விட்டுக்கொண்டான்.

"சரி. அளவப் பாதியா குறைக்கறேன். டிரிப்ஸ்ல மருந்து சேக்கச் சொல்றேன். நாளைக்குக் காலையில மறுபடியும் ரத்தம் எடுக்கணும்."

பாதி! இருந்த கால் டிக்கெட்டிலும் பாதி! அக்காவின் மனசு அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டது. பாஸ்பேட்டும் நீரும் அவள் காதோடு போயின. இவர்கள் குறைக்கக் குறைக்க நான்தான் ஈடுகட்ட வேண்டும் என்று முடிவு செய்தாள். அடுத்த நாள் காலையில், தையல்காரி மருந்து வாங்கப் போன நேரத்தில் ஒரு தடவை கொடுத்தாள். மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனதும் பிளாஸ்க்கைத் திறந்து மீதியையும் கொடுத்தாள்.

மழை அப்போது சரம்சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. பீப்பா கடைசி வாயைக் குடித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தான். கையை உதறினான்.

"விரலெல்லாம் மரத்துப் போகுதுக்கா."

"கையத் தலைக்குக் குடுத்துப் படுத்திருந்திருப்ப."

"உதடும் குறுகுறுங்குது." உதட்டைத் தேய்த்துக்கொண்டான். "மூச்சு... மேல வாங்குது. பாரேன்."

அக்கா பார்த்தாள். கழுத்துக்குக் கீழே இருந்த பள்ளம் உள்ளே இழுத்து இழுத்து வந்தது. நெஞ்சில் கை வைத்தாள். உள்ளே ஏதோ ஓடி, நின்று, தடுக்கி விழுந்து, மறுபடி ஓடியது. அவன் எழுந்து உட்காரப் பார்த்தான். முடியவில்லை. கை ஊன்றவே இல்லை, துணிமாதிரி மடங்கியது.

"சிஸ்டர்!" என்று கத்தியது கண்டக்டர்தான். "சிஸ்டர், ஓடியாங்க!"

நர்ஸ் வந்தாள். இன்னொரு நர்ஸ் வந்தாள். திரையை விலக்கினார்கள், ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள், நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். மெஷின் ஒரு சீரில்லாமல் கூவியது. பெரிய டாக்டர் நனைந்த செருப்போடு ஓடி வந்தார். அதே நேரத்துக்குத் தையல்காரியும் வந்து சேர்ந்தாள். முக்காட்டுத் துணியிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"விரிச்ச எடத்துல குழாய் கிழிஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர். "ஸ்கேனுக்குச் சொல்லுங்க. தியேட்டரையும் ரெடி பண்ணச் சொல்லுங்க, தெறக்க வேண்டியிருக்கும்." தையல்காரியிடம் திரும்பினார். "கடைசியா என்ன குடுத்தீங்க?"

"கெளம்பறதுக்கு முன்னாடி... பாதிக் கப்பு. அவ்வளவுதான் டாக்டர்."

"நெசமா சொல்லும்மா" என்றாள் நர்ஸ். "நீதானே கூடவே இருக்க? ஆசையில எதையாவது ஊட்டியிருந்தா இப்பவே சொல்லிடு. யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"சத்தியமா இல்ல சிஸ்டர். நான் எதுவுமே..."

அக்கா அங்கே இல்லை. கட்டிலைச் சுற்றி ஆட்கள் கூடும்போதே பிளாஸ்க்கைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வார்டுக் கோடியில் இருந்த குழாயடிக்கு வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கால் வந்தது. மூடியைத் திருகினாள். அடியில் கெட்டியாய்ப் பால் தங்கியிருந்தது. குழாயைத் திறந்தாள். கழுவிவிட்டால் ஒன்றுமில்லை. உணவுக்குழாய் கிழிந்திருக்கிறது என்கிறார்கள், டாக்டர் சொல்கிறார், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்? உடம்பு தேறத்தானே கொடுத்தாள்? யார் பெற்ற பிள்ளைக்கோ விஷம் வைத்த மாதிரி ஏன் இப்படி ஒளிந்து நிற்கிறாள்?

அங்கிருந்து கட்டில் நேராகத் தெரிந்தது. டாக்டர் தம்பியின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து உரக்கக் கேட்டார்.

"வேற ஏதாவது குடிச்சீங்களா? பேச வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க."

பீப்பாவின் கண்கள் மாஸ்க்குக்கு மேலே உருண்டன. தேடின. ஆட்களின் இடுப்புகளுக்கு நடுவே அக்காவைக் கண்டுபிடித்தன. அவள் கையில் இருந்த பிளாஸ்க்கையும் பார்த்தன. அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினான். இல்லை. ஒன்றும் இல்லை.

அவனுக்கு மூச்சை இழுக்க முடியவில்லை. ஆனால் அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க மட்டும் பலம் இருந்தது. வீட்டுக்கும் பேக்கரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மனசு நோகக் கூடாது என்று பொய் சொல்லிச் சொல்லியே இந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தவன். இந்தப் பொய்யோடு அவன் போய்விடுவான். அவளுக்காகப் போய்விடுவான்.

குழாய் ஓடியபடி கிடக்க, அக்கா ஓடினாள்.

"நான் குடுத்தேன்! டாக்டர், அவ இல்ல, நான் குடுத்தேன்!" ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பிளாஸ்க்கை டாக்டரின் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். பால் அவர் கோட்டில் சிந்தியது.

"என்ன இது?"

"அந்தப் பொடிதான். பால்ல. சர்க்கரை போட்டு."

"எவ்வளவு?"

"இது நெறைய."

"எத்தன நாளா?"

"மூணு நாளா. இன்னிக்கு ரெண்டு தடவ."

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். திட்டவில்லை. திட்ட அவருக்கு நேரமில்லை. "ஸ்கேன நிறுத்துங்க. பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூணுக்கும் உடனே ரத்தம் அனுப்புங்க. விட்டமின் ஊசி எடுங்க. வாய்வழி எல்லாம் நிறுத்தம். ஐசியூல எடம் கேளுங்க" என்று அடுக்கிக்கொண்டே போனார். கட்டிலின் சக்கரங்கள் உருண்டன. தையல்காரி கூடவே ஓடினாள். அக்காவைக் கடக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ஐசியூ வாசலில் ஒரே ஒரு பெஞ்ச்தான் இருந்தது. அதனால் இரண்டு பேரும் அதில்தான் உட்கார வேண்டியிருந்தது. நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலி. உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களும் கதவைத் திறக்கும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

வெகு நேரம் கழித்து அக்காதான் பேசினாள். "எனக்குத் தெரியலம்மா."

"தெரியும்" என்றாள் தையல்காரி. "மேடம் சொன்னப்ப நீங்களும் அங்கதான் நின்னீங்க."

"கேட்டேன். நம்பல."

"நம்ப வேணாம். என்னத் திட்டியிருக்கலாம். அடிச்சிருக்கலாம். அந்தம்மா கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்." குரல் ஏறவில்லை. அது ஏறாததுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது. "என்கிட்டயும் கேட்டார் அண்ணி. உங்ககிட்ட மட்டுமா கேட்டார்? ஒவ்வொரு தடவையும் கேட்டார். கப்ப வாங்கும்போது என் கையப் புடிச்சுக்குவார், விட மாட்டார். ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்துட்டுப் போவேன். கப்பு கழுவறேன்னு போய்க் குழாயத் தெறந்து விட்டுட்டு அழுவேன். சத்தம் கேக்கக் கூடாதுன்னு தண்ணிய ஜோரா விடுவேன்."

அக்கா அவள் விரல்களைப் பார்த்தாள்.

"பசிக்கற புருஷனுக்கு இல்லன்னு சொல்ற வேலை எனக்கு. ஊத்திக் குடுத்து நல்ல பேர் வாங்கற வேலை உங்களுக்கு. நல்லாத்தான் பங்கு பிரிச்சுக்கிட்டோம்."

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்..."

"பேசாதீங்க. இப்ப நீங்க அழுதா நான் தேத்தணும். என்னால முடியாது."

அக்கா வாயைத் தலைப்பால் அடைத்துக்கொண்டாள்.

டயட் மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது. "பாஸ்பேட் தரைமட்டத்துக்கு எறங்கியிருக்கு" என்றாள். "ஏத்திட்டிருக்கோம். இதயத் துடிப்பு இன்னும் சீராகல." அக்காவின் முன்னால் நின்றாள். "நீங்க சொல்லலேன்னா தியேட்டருக்குக் கொண்டு போயிருப்பாங்க. அந்த நெலமையில மயக்கம் குடுத்திருந்தா..." முடிக்கவில்லை. "ஆனா சொன்னதால எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைச்சுக்காதீங்க. ஆபத்து இன்னும் தாண்டல."

"என்னை உள்ள விடுவாங்களா?"

"அவங்களக் கேளுங்க" என்று தையல்காரியைக் காட்டிவிட்டுப் போனாள்.

அக்கா கேட்கவில்லை.

கடைகளுக்கு ரொட்டி போயாக வேண்டும் என்பதால் மறுநாள் அடுப்பை மூட்டினாள். பிசைய ஆள் இல்லை. அவளே தொட்டிக்குள் குனிந்து கையை முழங்கைவரை மாவில் விட்டுக் குத்தினாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. வலி நல்லது என்று இன்னும் ஓங்கிக் குத்தினாள். முதல் தட்டு வெந்து வந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். விரல் சுட்டது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினாள். ரொட்டியை அனுப்பிவிட்டு, குளித்து, ஐசியூ வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உள்ளே போகவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. தையல்காரி கதவைத் திறந்து வெளியே வரும்போது, "மூச்சு பரவாயில்ல" என்றோ, "மாஸ்க்க எடுத்துட்டாங்க" என்றோ பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். அக்கா சுவர் சொன்னதுபோல் கேட்டுக்கொள்வாள்.

மழை வெறித்த ஒரு மத்தியானம் அவனைப் பழைய வார்டுக்கே கொண்டுவந்தார்கள். கோத்திருந்த நீரெல்லாம் வடிந்து, முன்பைவிடவும் வற்றிப் போயிருந்தான். கன்னத்து எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்போல் இருந்தது. அக்கா வார்டு வாசலிலேயே நின்றாள்.

"அங்கயே நின்னா கொசுதான் கடிக்கும்" என்றார் கண்டக்டர். "உள்ள வாங்கம்மா."

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு டப்பாவைத் திறந்து, கரண்டியில் பொடியை அள்ளி, தலைதட்டி, வெந்நீரில் கலக்கினாள். கப்பில் ஊற்றினாள். ஊற்றியது கப்பின் பாதிக்குக் கீழேதான் நின்றது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அக்காவின் கையில் கொடுத்தாள்.

"நீங்க குடுங்க அண்ணி. நான் வீடுவரைக்கும் போயிட்டு வரேன். நாலு நாளா ஈரத் துணி அப்படியே கெடக்கு."

"நான் ஒருத்தியாவா?"

"ஆமா."

"டப்பா...?"

"அங்கதான் இருக்கு." செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்தாள். தம்பியின் பிடரிக்கடியில் கையைக் கொடுத்து நிமிர்த்தி, கப்பை உதட்டில் வைத்தாள். இரண்டு மடக்கு. முடிந்தது. அவன் கப்பைப் பிடுங்கி வழித்து நக்கினான். நக்கிவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு மேஜைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான்.

"அவ போயிட்டாளாக்கா?"

"ம்."

"இன்னும் கொஞ்சம்."

"இல்லடா."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். இந்தச் சொல்லை அவனிடம் அவள் சொன்னதே இல்லை. கையில் காசில்லாத காலத்தில்கூடத் தன் பங்கைத் தள்ளிவிட்டு, எனக்குப் பசிக்கவில்லை என்றிருக்கிறாளே தவிர, இல்லை என்று சொன்னதில்லை.

"ஒரே ஒரு வாய். ஒண்ணும் ஆகாது. மருந்துதான் ஏத்தியிருக்காங்களே."

"இல்ல."

"பசிக்குதுக்கா. குடலப் பிச்சுத் திங்குது."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?" அவன் குரல் உடைந்தது. "அவதான் அப்படின்னா, நீயுமா?"

அக்காவின் வலது கை மடியில் கிடந்து துடித்தது. டப்பா எட்டும் தூரத்தில் இருந்தது. இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா. நானும்தான்."

பீப்பா கொஞ்ச நேரம் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு கஷ்டப்பட்டு, ஒவ்வொரு எலும்பாக நகர்த்தி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கூப்பிட்டால் திரும்பமாட்டான் என்று தெரிந்தது. கூப்பிடவில்லை. போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டு, காலிக் கப்பை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த கப்புக்கு நேரம் ஆகட்டும் என்று அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.